குங்குமம் ஏன் கறுப்பாக விழுந்தது?

1858இல் ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களும் ஒரு புகைப்படத் தொகுப்பாக வெளிவந்தன. எடுத்தவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப். நம் ஜவளகிரியும் அப்போது அதே ஜில்லாதான். ஆனால் அவர் தேடி வந்தவை பெரிய காட்சிகள். மனித முகத்தைக் கையடக்கமாக்கியது வேறொரு நுட்பம்.

அதற்கு 1854இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியவர் திஸ்தேரி. பல லென்ஸ் பொருத்திய கேமராவால் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படம்வரை எடுத்தார். பிரின்டை வெட்டி, சுமார் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள அட்டையில் ஒட்டினால் வேலை முடிந்தது. செலவு சட்டென்று இறங்கியது. 1860களில் சென்னையில் நிக்கோலஸ் போன்ற ஸ்டூடியோக்களும் இந்தக் கார்டுகளை எடுத்தன.

தகடு தயாரிப்பதுதான் பெரும்பாடு. நைட்ரிக் அமிலம் ஏற்றிய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த கொலோடியனைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் ஈதர் எவ்வளவு வேகமாகப் பறந்திருக்கும்! உட்கார்ந்தவர் சில நொடி அசையக்கூடாது. நிற்பவரின் தலையைப் பின்னாலிருந்து ஓர் இரும்புத் தாங்கி பிடித்திருக்கும். செருப்புக்குப் பின்னே அதன் அடிப்பாகம் தெரிகிற படங்கள் உண்டு. பிரின்ட் போட்ட காகிதத்தில் பூசியது கோழிமுட்டையின் வெள்ளைக்கரு. அதனால்தான் அந்த மெல்லிய பளபளப்பு.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் தெரியும், சிவப்பு தெரியாது. எனவே குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும். மஞ்சள் பூசிய முகம் இருண்டுபோகும். நீலச் சேலையோ வெளுத்துவிடும். நம் மாநிறத் தோலும் உள்ளதைவிடக் கறுத்தே பதியும். அந்தப் படத்தை வைத்து, முன்னோரின் நிறம் இதுதான் என்று யாரும் முடிவுகட்டுவது தவறு. பிற்காலத்து உலர்தகடுகளுக்கும் வெகுகாலம் இதே குறை இருந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படியொரு கார்டு இருந்தால் அட்டையிலிருந்து உரிக்காதீர்கள். மெல்லிய அட்டை, கூர்மூலை என்றால் பெரும்பாலும் 1860கள். மூலை வளைந்திருந்தால் 1870களோ அதற்குப் பின்போ. பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கலாம். வெயில் படாத இடத்தில் வையுங்கள், ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். படத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதிவிடுங்கள்.