ஐந்தும் தலையால்

மிரோஸ்லாவ் குளோசே 20 வயதை எட்டியது 1998 ஜூனில். அப்போது அவர் ஜெர்மனியின் தென்மேற்கில், கூசல் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு கிராமத்து அணியின் முன்கள வீரர். அந்த அணி ஆடியது ஏழாவது டிவிஷனில். அதே கோடையில் பிரான்சில் உலகக் கோப்பை நடந்தது. அவரைவிட ஒன்றரை வயது இளையவரான இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன், அர்ஜென்டினாவின் தற்காப்பைப் பிளந்துகொண்டு ஓடி அடித்த கோல் உலகமெங்கும் பேசப்பட்டது. கால்பந்தில் 20 வயது என்பது தொடங்கும் வயதல்ல. பெரிய கிளப்புகள் எட்டு, பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துவிடுகின்றன. குளோசேயை யாரும் தேடி வரவில்லை. ஆனாலும் அடுத்த நான்கே ஆண்டுகளில் அவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்காகக் களத்தில் நின்றார்.

அவர் பிறந்தது ஜெர்மனியில் அல்ல. போலந்தின் ஒபோலே நகரில், 1978 ஜூன் 9 அன்று பிறந்தார். ஒபோலே அடங்கிய சிலேசியா, இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனியின் பகுதியாக இருந்த நிலம். போருக்குப் பிறகு அது போலந்துக்குப் போனாலும், ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. குளோசேயின் தந்தை வழி அப்படிப்பட்டது. தந்தை யோசெஃப் தொழில்முறைக் கால்பந்து வீரர். ஒபோலேயின் ஓட்ரா கிளப்பிலும் பின்னர் பிரான்சின் ஓசேர் கிளப்பிலும் ஆடியவர். தாய் பார்பரா போலந்தின் தேசிய ஹேண்ட்பால் அணியில் ஆடியவர். பிள்ளைக்கு விளையாட்டு இரு பக்கமிருந்தும் வந்தது.

1980களின் நடுவில் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்து கூசலில் தங்கியது. எட்டு வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழி அநேகமாக ஒன்றுமே தெரியாது. வகுப்பறையில் வாய் திறக்க முடியாத பிள்ளைக்குப் பந்து ஒரு மொழியாக இருந்தது. பக்கத்துக் கிராமங்களான பிளாவ்பாக், டீடல்கோஃப் இரண்டும் சேர்ந்து நடத்திய கிளப்பில் சேர்ந்தார். பதின்வயது முழுக்க அங்கேதான் கழிந்தது.

பள்ளி முடிந்ததும் தச்சுத் தொழில் பயிற்சி. ஜெர்மனியில் இது மேசை நாற்காலி செய்யும் தச்சிலிருந்து வேறுபட்ட, தனித் தொழில்: வீட்டுக்கூரைக்கு உத்திரமும் கைமரமும் ஏற்றுவது, உயரத்தில் நின்று மரச்சட்டங்களைப் பொருத்துவது. பகலெல்லாம் அந்த வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கிராமத்து கிளப்புகளில் ஆடும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் வாழ்க்கை இதுதான். அவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை அப்படியே ஆடி ஓய்கிறார்கள். ஆனால் ஜெர்மன் லீக் அமைப்பு அடியிலிருந்து உச்சி வரை ஒரே ஏணி. எந்தப் படியிலும் கதவு சாத்தப்படுவதில்லை. கீழ் டிவிஷனில் கோல் அடித்துக் குவிப்பவனின் பெயர் மேலே இருக்கும் அணியின் காதுக்கு எப்படியும் போய்விடும்.

குளோசேயின் பெயர் முதலில் எட்டியது, பக்கத்து மாநிலமான சார்லாந்தில் இருக்கும் ஹோம்பர்க் கிளப்பை. 1998இல் அங்கே போனார். ரிசர்வ் அணியில் தொடங்கி, அதே பருவத்தில் மூன்றாவது டிவிஷனில் ஆடிய முதல் அணிக்கும் ஏறினார். 1999இல் கைசர்ஸ்லாட்டர்ன் கிளப்பின் இரண்டாம் அணி அவரை எடுத்துக்கொண்டது.

கைசர்ஸ்லாட்டர்ன் கூசலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பெயரின் எடை வேறு. 1954இல் ஜெர்மனிக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்த அணியின் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்டர் அந்த ஊர்க்காரர். குன்றின் மேல் நிற்கும் மைதானத்துக்கே அவர் பெயர்தான். 1998இல், இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்த கையோடு முதல் டிவிஷன் பட்டத்தையே வென்று, ஜெர்மனியில் வேறெந்த அணியும் செய்யாததைச் செய்திருந்தது இந்த கிளப். அதைச் செய்துகாட்டிய பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல், 2000 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட் அணிக்கு எதிராகக் குளோசேயை முதல்முறையாக முதல் டிவிஷன் களத்தில் இறக்கினார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. தச்சுப்பட்டறையை விட்டு வந்து அதிக நாளும் ஆகவில்லை.

அடுத்த பருவத்தில் அணியில் நிலையான இடம் கிடைத்தது. 29 ஆட்டங்களில் 9 கோல். பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் ஜெர்மன் கால்பந்து அப்போது அடிமட்டத்தில் கிடந்தது. 2000 ஐரோப்பியக் கோப்பையில் தேசிய அணி மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்து, குழுவில் கடைசி இடம் பிடித்து ஊர் திரும்பியிருந்தது. கோல் அடிக்கும் இளைஞன் ஒருவனுக்காக நாடே ஏங்கிய காலம். 2001 தொடக்கத்தில் போலந்து பயிற்சியாளர் யெர்சி எங்கெல், பிறந்த நாட்டுக்காக ஆட வருமாறு குளோசேயை அழைத்தார். அதுவரை ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்திருக்கவில்லை. கையில் இருப்பதை விட்டு வராததற்குக் காத்திருப்பது அந்த வயதில் எளிதல்ல. குளோசே மறுத்தார், காத்திருந்தார்.

இரண்டே மாதத்தில் பலன் கிடைத்தது. 2001 மார்ச் 24, லெவர்குசன் நகரில் அல்பேனியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். பலவீனமான எதிரணியோடு ஜெர்மனி 1-1 எனத் திணறிக்கொண்டிருந்தபோது, 73ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் ரூடி ஃபோலர் இந்தப் புதுமுகத்தை அனுப்பினார். 88ஆவது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். நான்கு நாள் கழித்து கிரீஸில் மீண்டும் ஒரு கோல். ஏழாவது டிவிஷனை விட்டு அப்போது மூன்றாண்டுகூட முடியவில்லை.

2001-02 பருவத்தில் கிளப்புக்காக 16 கோல். உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் இஸ்ரேலுக்கு எதிராகவும் ஆஸ்திரியாவுக்கு எதிராகவும் ஹாட்ரிக். அப்படியும் ஜெர்மனியின் மீது யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. மியூனிக்கிலேயே இங்கிலாந்திடம் 5-1 என்று தோற்று, பிளே-ஆஃப் ஆடித் தகுதி பெற்ற அணி அது.

2002 ஜூன் 1, ஜப்பானின் சப்போரோ நகரம். கூரை மூடிய அரங்கம். வெளியே வெயிலில் வளர்த்த புல்தரையை அப்படியே உள்ளே நகர்த்திக் கொண்டுவரும் விந்தையான அமைப்பு. எதிரணி சவுதி அரேபியா. 20ஆவது நிமிடத்தில் சக வீரர் மிக்காயேல் பலாக் கோல் முகத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார். குளோசே எழும்பி முட்டினார். கோல்கீப்பர் அல்-தெயாயா தடுக்க வழியில்லை. ஐந்து நிமிடத்தில் இன்னொன்று, 70ஆவது நிமிடத்தில் மூன்றாவது. மூன்றும் தலையால் அடித்தவை. ஜெர்மனி 8-0. கோலைக் கொண்டாட அந்தரத்தில் அவர் போட்ட குட்டிக்கரணம் அன்று முதல் உலகறிந்த அடையாளமானது.

தலையால் முட்டி கோல் அடிப்பது உயரத்தின் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். குளோசே ஆறடி சுமார். அவரோடு முன்களத்தில் நின்ற கார்ஸ்டன் யாங்கர் அவரைவிட நல்ல உயரம். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. பந்து பக்கவாட்டிலிருந்து கிளம்பும்போது தற்காப்பு வீரரின் கண் பந்தின் மீதே இருக்கும். அந்தக் கணத்தில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்ப வேண்டும். நின்ற இடத்திலிருந்து குதிப்பவனைவிட இரண்டு மூன்று அடி ஓடி வந்து குதிப்பவன் உயரப் போகிறான். பந்து வந்து மோதக் காத்திருக்கக் கூடாது. உடலைப் பின்னே வளைத்து, கழுத்தை இறுக்கி, நெற்றியால் பந்தைத் தாக்க வேண்டும், கண் மூடாமல். அதுவும் கீழ்நோக்கி: தரையில் பட்டு எழும் பந்தை கோல்கீப்பரால் கணிப்பது கடினம். குளோசேயிடம் இவை அனைத்தும் ஒரே அசைவாக இருந்தன.

அடுத்த ஆட்டத்தில் அயர்லாந்துக்கு எதிராக 19ஆவது நிமிடத்தில், தற்காப்பின் தலைக்கு மேலே பலாக் தூக்கிப் போட்ட நீண்ட பந்தை மீண்டும் முட்டினார். கேமரூனுக்கு எதிராக 79ஆவது நிமிடத்தில் இன்னொன்று. மூன்று ஆட்டங்கள், ஐந்து கோல்கள், ஐந்தும் தலையால். ஒரே உலகக் கோப்பையில் இப்படியொரு கணக்கை ரசிகர்கள் பார்த்ததில்லை.

அத்தோடு நின்றது. அடுத்த சுற்றுகளில் ஜெர்மனி மூன்று முறையும் 1-0 என்று வென்று முன்னேறியது. அவற்றில் குளோசேயின் கோல் இல்லை. யோகோஹாமாவில் பிரேசிலுடனான இறுதி ஆட்டத்தில் 74ஆவது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்து, 34 வயது ஆலிவர் பியர்ஹோஃபை அனுப்பினார் ஃபோலர். ரொனால்டோவின் இரண்டு கோல்களில் கோப்பை பிரேசிலுக்குப் போனது. ஃபிரிட்ஸ் வால்டர் அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 17 அன்று, 81 வயதில் காலமாகியிருந்தார். தன் ஊர் கிளப்பின் இளைஞன் இறுதி ஆட்டம் ஆடியதை அவர் பார்க்கவில்லை.

இதற்கிடையே 2000ஆம் ஆண்டு அவமானத்தின் விளைவாக, முதல் இரண்டு டிவிஷன்களின் 36 கிளப்புகளும் இளையோர் பயிற்சி மையம் நடத்தியே தீர வேண்டும் என்று ஜெர்மனியில் விதி வந்தது. பின்னாளில் தேசிய அணிக்கு ஆடிய தோமாஸ் முல்லர், மரியோ கோட்சே போன்றவர்கள் அப்படிப்பட்ட மையங்களில் வளர்ந்து பதின்வயதிலேயே முதல் அணிக்கு வந்தார்கள். நல்ல ஏற்பாடு, பலனும் தந்தது. ஆனால் 20 வயது வரை கூரை மேல் நின்று வேலை பார்த்த ஒருவனுக்கு அந்த ஏற்பாட்டில் இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

பெரிய பெயரோடு திரும்பிய குளோசே, கடனிலும் கீழிறங்கும் அபாயத்திலும் தவித்த கைசர்ஸ்லாட்டர்னிலேயே இன்னும் இரண்டு பருவம் ஆடினார். கோல்கள் குறைந்தன: ஒன்றில் 9, மற்றதில் 10. 2003 ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்ன் மியூனிக்கிடம் 3-1 என்று தோற்றபோது அந்த ஒரு கோல் அவருடையது. தலையால் மட்டும்தான் அடிக்கத் தெரியும் என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. 2004இல், அப்போதைய சாம்பியனான வெர்டர் பிரெமன் அவரை வாங்கியது. அங்கே பந்து தரையோடு வேகமாகக் கைமாறும் ஆட்டத்தில் காலுக்கும் வேலை வந்தது. 2005-06 பருவத்தில் 25 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்தக் கோடையில் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலும் ஐந்து கோல், தங்கக் காலணி விருது. அந்த ஐந்தில் தலையால் அடித்தது ஒன்றே ஒன்று.