இருட்டிலும் ஆளை காட்டும் கேமரா: விலையை குறைக்க தங்க துகள்!

டி.வி. ரிமோட் முனையில் உள்ள சின்ன பல்பை செல்போனின் முன்பக்க கேமராவுக்கு காட்டி, பட்டனை அமுக்கி பாருங்க. வெறும் கண்ணுக்கு தெரியாத வெளிச்சம் பல போன்களில் பளிச் பளிச்சென்று மின்னும். அதுதான் அகச்சிவப்பு கதிர்.

செல்போன் கேமராவில் இருப்பது சிலிக்கான் சென்சார். 1,100 நானோ மீட்டர் அலைநீளம் வரைதான் அதற்கு கண் தெரியும். மனித உடம்பில் இருந்து கிளம்பும் வெப்ப கதிரோ அதைவிட 8, 9 மடங்கு நீளமானது. அதனால்தான் புகை மூட்டத்தில் மயங்கி கிடப்பவரை செல்போனால் காட்ட முடிவதில்லை.

மைனஸ் 196 டிகிரி

இதற்கென்றே தனி சென்சார்கள் உண்டு. பாதரசம், காட்மியம், டெல்லூரியம் கலந்த சென்சார் இதில் கில்லாடி. ஆனால் அதன் சொந்த சூடே அதன் கண்ணை மறைத்து விடும். பெரும்பாலும் மைனஸ் 196 டிகிரி வரை குளிர வைத்துத்தான் வேலை வாங்க வேண்டும். குளிர்விக்கும் கருவியும் சேருவதால் கேமரா விலை எகிறி விடுகிறது.

2020-ல் கொரோனா நேரத்தில் காய்ச்சல் பார்த்த கேமராக்களில் பல வேறு ரகம். வனேடியம் ஆக்சைடு படலம் சூடாவதை வைத்து கணக்கு போடுபவை. குளிர வைக்க வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் படலம் சூடேறி ஆற வேண்டுமே! வேகம் கம்மி.

ஊஞ்சல் ஆட்டம்

விலை உயர்ந்த சென்சாரையே மெல்லிய படலமாக்கினால், சொந்த சூட்டால் வரும் தொல்லை குறையும். அந்த அளவுக்கு குளிர வைக்கவும் வேண்டாம். ஆனால் மெலிந்த படலத்தில் கதிர் சிக்காமல் ஊடுருவி போய்விடும். இங்கேதான் தங்கம், வெள்ளி நானோ துகள்களுக்கு வேலை. கதிர் பட்டதும் துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஊஞ்சல் மாதிரி ஒன்றாக ஆடி, கதிரை படலத்துக்குள் குவிக்கின்றன. உருண்டை துகள் கண்ணுக்கு தெரியும் வெளிச்சத்தை பிடிக்கும். அதையே குச்சி மாதிரி நீட்டினால் அகச்சிவப்பு கதிர் மாட்டும்.

தங்கம் விற்கிற விலையில் இது கட்டுப்படியாகுமா? 1 கிராம் தங்கத்தை 20 நானோ மீட்டர் கனத்தில் பரப்பினால் சுமார் 28 சதுர அடி வரும். ஒரு கட்டில் அளவு! சென்சாரோ விரல் நகம் அளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கதிரில் ஒரு பங்கை துகளே விழுங்கி சூடாக்கி விடுகிறது. அது நன்றாக பிடிப்பதும் குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும்தான். படலம் முழுக்க ஒரே அளவு துகளை பதிப்பதும் லேசான வேலை இல்லை.