ஊசி தரும் அவகாசம்

ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் மூட்டை சுமந்தவர்கள், சத்திரப்பட்டியில் நாளெல்லாம் தறியருகே நின்று காயத்துக்குக் கட்டும் துணி நெய்பவர்கள், இராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவான உபாதை ஒன்று உண்டென்றால், அது இடுப்புவலிதான். முதலில் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் பார்த்து, மாதங்கள் கடந்தும் தீராமல் ஸ்கேன் எடுத்து, 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் அன்று ஆபரேஷன் பயம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்கு மாற்றாகத்தான் முதுகுத்தண்டு ஊசி இன்று பேசப்படுகிறது.

முதுகில் போடும் ஊசியின்மேல் நம் பெண்களுக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. சிசேரியனுக்குப் போட்ட ஊசியே இடுப்பை முடக்கியது என்று சொல்லாத தாய்மார் அபூர்வம். குத்திய இடம் சில நாள் வலிக்கும் என்பது மெய். ஆண்டுக்கணக்கான வலிக்கு அதுவே காரணம் என்பதை ஆராய்ச்சிகள் நிரூபிக்கவில்லை.

இடுப்புவலிக்கான இந்த ஊசியின் கதை பழையது. 1901-இல் பாரிஸில் சிகார், கத்தலேன் என்ற இரு வைத்தியர்கள், ஒருவரையொருவர் சாராமலே, வாலெலும்பருகிலுள்ள துவாரத்தின் வழியே முதுகுத்தண்டுக்குள் மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். 1950-களில் வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு அதில் சேர்ந்தது. இன்று நோயாளி வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க, தோலை மரக்கச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே ஊசியை இறக்கி, சாயத்துளி நரம்பை ஒட்டிப் படர்வதைக் கண்ட பின்னரே வைத்தியர் மருந்தை விடுகிறார். அந்தக் கணத்தில் பழகிய வலி காலில் இறங்க, "இதுதான், இதே வலிதான்" என்று நோயாளி சொல்வதுண்டு. ஊசி குத்திய இடத்தில் வைக்கும் சிறுதுணி சத்திரப்பட்டியில் நெய்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் எந்த வலிக்கு இந்த ஊசி என்பதே முக்கியமான கேள்வி. பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்த, பிட்டத்திலிருந்து பாதம்வரை மின்சாரம்போல் இறங்கும் புதிய வலி, சிலருக்குச் சில வாரங்களேனும் இதனால் தணியும். இடுப்போடு நின்றுவிடும் நாட்பட்ட வலிக்குப் பிரயோஜனம் சொற்பம். 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சர்வதேசக் குழுவின் பரிந்துரை, மூன்று மாதம் கடந்த கால்நரம்பு வலிக்குங்கூட இதைத் தவிர்க்கச் சொன்னது. வலி நிபுணர் பலர் அதை ஏற்கவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை சில நாள் ஏறும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பாதம் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னறியாமல் போனாலோ, ஊசியை நினைத்துக்கொண்டிராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என் பெரியப்பா ஆலங்குளம் ஆலையில் மூட்டை சுமந்தவர்களில் ஒருவர். ஊசி போட்ட நான்காம் நாள், "வலியே தெரியலப்பா" என்று நெல்மூட்டையைத் தூக்கினார். இரண்டே மாதத்தில் வலி திரும்பிவிட்டது. ஊசி கொடுத்தது சுகத்தையன்று, உடம்பைப் பழக்கிக்கொள்ள ஓர் அவகாசத்தையே என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அப்படி வந்த பெண் ஒருத்தி, பெரியப்பாவைத் திண்ணையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தச் சொல்லிப் பத்து எண்ணினாள். ஆறிலேயே கால் நடுங்கிற்று. "நாளைக்கு ஏழு எண்ணுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.