இரவல் உலகம் – 8: கடையோடு போன புத்தகங்கள்

கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ‘இலவசமாகக் கிடைத்ததுதானே, போனால் போகட்டும். காசு கொடுத்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்’ என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். சரி, காசு கொடுத்தவர்களின் கதைக்கு வருவோம்.

2019 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் விற்பனையை நிறுத்தியது. கடை மூடுவதில் அதிசயம் எதுவுமில்லை. ஆனால், ஏற்கெனவே வாங்கிய நூல்களையும் ஜூலையிலிருந்து திறக்க முடியாது என்றது அறிவிப்பு. இலவசமாக எடுத்து வைத்தவையும் தப்பவில்லை. தெருமுனைப் புத்தகக் கடைக்காரர் கடையைக் கட்டும்போது, நம் வீட்டு அலமாரியையும் காலிசெய்துவிட்டுப் போவாரா? இங்கே அதுதான் நடந்தது.

அந்த நூல்கள் டி.ஆர்.எம். என்னும் பூட்டோடு விற்கப்பட்டவை. எட்ஜ் பிரவுசரில் மட்டுமே திறக்கும். வாசிக்க உரிமை உண்டு என்று நிறுவனத்தின் சர்வர் உறுதிசெய்ய வேண்டும். கோப்பு நம் கணினியில் இருந்தாலும் சாவி அவர்கள் கையில்.

கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வந்தது. நூலில் கோடிட்டு, குறிப்பெழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். வருடக்கணக்கில் எழுதிய குறிப்புகளுக்கும் அதே 25. ஒரே ஒரு வரியைக் கோடிட்டதற்கும் அதே 25.

அந்த நிறுவனத்துக்கு இது பழகிய பாதை. அதன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு 2008 ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிக்குச் சாவி கிடையாது. பழைய கணினி பழுதானால் பாட்டும் போச்சு. கண்டனம் வலுத்ததும் கெடுவை 2011 கடைசிவரை நீட்டித்தார்கள்.

பெரிய நிறுவனம், நிலைத்து நிற்கும் என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறோம். மின்னூல் விற்பனை நின்ற அதே ஏப்ரலில்தான் மைக்ரோசாஃப்டின் சந்தை மதிப்பு முதன்முறையாக ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டது! அவ்வளவு பெரிய கணக்கில் மின்னூல் கடை ஒரு துளி. அதை உதறுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. நிறுவனம் நிலைப்பது வேறு, அதன் ஒரு சேவை நிலைப்பது வேறு.

மறுபுறம், 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பின்னால் பெரும் பணம் இல்லை. டிஸ்கி குறியாக்கத்தில் வெளியான பழைய நூல்களை, யூனிகோடு பரவியதும் அதற்கு மாற்றிக்கொண்டார்கள். எவரும் இறக்கிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நாளை அந்தத் தளமே நின்றாலும், நாம் இறக்கி வைத்த நூல் திறக்கும். காரணம், பூட்டு இல்லை.

அதனால், வாங்கும் முன் நிறுவனத்தின் பெயரைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கோப்பைத் தனியே இறக்கி வைக்க முடிகிறதா? இணையம் இல்லாமல், வேறொரு செயலியில் அது திறக்கிறதா? இல்லையென்றால், கொடுப்பது வாடகை என்று நினைத்துக்கொண்டே கொடுங்கள்.

நூலும் பாட்டும் கண்ணுக்குத் தெரியாத கோப்புகள். 299 டாலர் கொடுத்து வாங்கி, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு கருவி, சர்வர் நின்றதும் செயலிழந்த கதையும் உண்டு. ‘ரிவால்வ்’ என்று பெயர்.

(அடுத்த வாரம்...)