சிலம்படியும் சித்தத் தெளிவும்

உடலை வருத்தும் பயிற்சி உள்ளத்தை ஆற்றுமா என்பது பழைய வினா. எனினும் கீழ்க்கரை மக்களுக்கு அது வெறும் ஏட்டு வினாவன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. நெடிய போரும் 2009 இலேயே ஓய்ந்தது. அவை விட்டுச்சென்ற அச்சமும் சினமும் பல இல்லங்களில் இன்னும் எஞ்சியுள்ளன. ஆதலின், இளைஞரின் மனநலம் பேணும் வழிகளை ஆராய்வார், நம் அயலிலேயே உள்ள சிலம்படியையும் கருதுதல் தகும்.

சம்மாந்துறை முதலிய முஸ்லிம் ஊர்களிற் சிலம்படியும் சீனடியும் வழிவழியாகப் பயிலப்பட்டு வந்துள்ளன. கலியாணத்திலும் பெருநாளிலும் அவற்றைக் கண்டு களிப்போர் பலர். அவற்றின் ஒழுங்கை உற்றுநோக்குவோர் சிலரே. ஆட்டம் அடியோடு தொடங்குவதில்லை. ஆசானையும் அவையையும் வணங்கும் சலாம் வரிசையோடு தொடங்குகின்றது. காலடி செவ்வனே அமைந்த பின்னரே கம்பு விரைவு பெறும்.

இவ்வொழுங்கு உள்ளத்தில் என் செய்கின்றது? சுழன்று வருங் கம்பை நோக்கி நிற்பவன் நேற்றைய துயரையோ நாளைய கவலையையோ எண்ணிக்கொண்டிருத்தல் இயலாது. கவனம் ஒருமுகப்படுகின்றது, மூச்சு அசைவோடு இணைகின்றது. அச்சம் எழுந்தாலும் அது தணியும் என்பதை, சொல்லக் கேட்டன்றி, மாணவன் தன் உடலாலேயே அறிகின்றான். நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு சிறுவர்க்கு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த அளவும் இவ்வாறு நிறைவுறும்.

ஆயினும், அடிக்கும் ஆற்றல் மட்டுமே மனநலந் தாராது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் திரல்சன் 1986 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்கும். குற்றச்செயல்களில் ஈடுபட்ட 34 இளைஞர் மூன்று குழுக்களாக ஆறு மாதம் பயிற்றப்பட்டனர். மரியாதை, பொறுமை, தியானம் ஆகியவற்றோடு தற்காப்புக் கலை பயின்றோரிடத்துச் சினமும் பதற்றமும் குறைந்தன. சண்டை நுட்பங்களை மட்டும் பயின்றோரிடத்தோ வன்போக்கு மிகுந்தது. மூன்றாங் குழுவினர் ஓட்டமும் பந்தாட்டமுமே பயின்றனர். அவர்களது வன்போக்கிற் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. சிறிய ஆய்வேயெனினும் அது தரும் படிப்பினை பெரிது: கலையோடு ஒழுக்கமும் கற்பிக்கப்படல் வேண்டும். 1882 இல் யூடோவை நிறுவிய யப்பானியக் கல்வியாளர் கானோ சிகோரோவும் ஆளுமையைச் செம்மைசெய்வதையே அதன் நோக்கமாகக் கொண்டார்.

கடும் மனநோய்க்கு மருத்துவரை நாடலே முறை. சிலம்படி அதற்கு மாற்றாகாது. நலமுடைய உள்ளத்தைத் திடப்படுத்துதற்கும், தளர்ந்த உள்ளத்துக்குத் துணைநிற்றற்குமே அது பயன்படும். அப்பயனைப் பெற விரும்பும் பாடசாலைகள், விழா மேடைக்கு மட்டும் அண்ணாவிமாரை அழைத்து மாலையிட்டு அனுப்புதல் போதாது. மாலைவேளைகளில் மைதானத்தின் ஒரு மூலையை அவர்களிடம் ஒப்புவித்தல் வேண்டும். கம்பாட்டத்தை ஒளிப்படத்தில் காத்துவைக்கலாம். அடங்கி நிற்கும் பண்பை ஆசானிடமிருந்தே மாணவன் பெறல் வேண்டும்.