லீவுக்கு வரும்வரை நோயைப் பொத்தி வைக்காதீர்கள்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்துக் கிளினிக்குகளில் புதிதாக ஒரு கூட்டம் சேர்கிறது. இங்கிலாந்திலிருந்து லீவில் வந்த நம் பிள்ளைகள். 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் பிரித்தானியா விசாக் கதவைத் திறந்தது. அதே வருடம் இங்கே பெற்றோலும் மருந்தும் இல்லாமல் போயின. அப்போது கிளம்பியவர்களும் படிக்கப் போனவர்களும்தான் இவர்கள். மாதக்கணக்கில் முதுகுவலி, விடாத இருமல், தூக்கமின்மை. "அங்கேயே காட்டியிருக்கலாமே?" என்று கேட்டால் ஒரே பதில்: "ஊருக்கு வந்து காட்டிக்கலாம்னு இருந்தேன் டொக்டர்."

"நுவரெலியாக் குளிரையே பார்த்தவங்க நாங்க"

ஜனவரி விடியலில் புல்லில் பனி உறைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் புதிதல்ல. அங்கே ஆளைச் சாய்ப்பது இருட்டு. நுவரெலியாவில் டிசம்பரிலும் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். லண்டனில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. ஒக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை அங்கு அடிக்கும் வெயில், தோலில் விட்டமின் டி உண்டாகப் போதாது. அந்த மாதங்களில் எல்லோரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது நல்லது என்கிறது அந்நாட்டுச் சுகாதாரத் துறை. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் வருடம் முழுக்க. நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர்களுக்கு இன்னும் அவசியம். அதற்காக நாலைந்து மடங்கு விழுங்கவும் கூடாது.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹீட்டர் பில்லுக்குப் பயந்து, லயத்தில் செய்வதுபோல அறைக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

"வெள்ளைக்கார டொக்டர் பனடோல்தான் தருவார்"

ஆமாம், தடிமனுக்குப் பனடோல்தான் தருவார். அதுதான் சரி. வைரஸுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. இங்கே பாமசியில் கேட்டவுடன் நீட்டுகிறார்களே, அதுதான் கோளாறு. ஆனாலும் சூட்கேஸின் ஓரத்தில் அமொக்சிசிலின் போகிறது. தீர்ந்தால் அம்மா பார்சலில் அனுப்புகிறார். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை அறைத்தோழிக்குக் கொடுக்கிற தாராளத்தை என்னவென்று சொல்வது?

மூன்று வாரம் தாண்டிய இருமலை இப்படி மாத்திரையால் மூடி மறைக்கவே கூடாது. விசாவுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே அன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். உடம்பில் ஒடுங்கிக் கிடக்கும் காசநோய் பிறகும் தலைதூக்கலாம். அதற்கான சிகிச்சை அங்கே யாருக்கும் இலவசம்.

படுக்கையிலிருக்கும் முதியவர்களைத் தூக்கி இறக்கும் பிள்ளைகளுக்கு முதுகு பிடிப்பது இயல்பு. அதற்கு டைக்ளோபெனக்கைக் கடலை மாதிரி கொறிக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்பதால் 2015 முதல் பிரித்தானியாவில் வைத்தியரின் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை விற்பதில்லை. வயிற்றில் புண்ணாகி, மலம் கறுப்பாகப் போன பிறகு என்னிடம் வந்து என்ன பயன்? பனடோலுக்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு எட்டைத் தாண்டினால் ஈரல் கெடும். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் தடிமன் பவுடர்கள் பலவற்றிலும் அதே மருந்துதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் அதைக் கவனிப்பதேயில்லை.

கொத்தமல்லித் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். அதில் எனக்குச் சண்டையில்லை.

"காசாகும், விசாவுக்கும் பிரச்சினை"

மாணவர்கள் விசா எடுக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டார்கள். 2024 முதல் அது வருடத்துக்கு 776 பவுண். கட்டிய காசுக்குச் சேவையைக் கேட்டு வாங்கத் தயங்குவானேன்? பராமரிப்பு விசாக்காரர்களுக்கு அந்தக் கட்டணமே கிடையாது. ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியரிடம் பதிவதும் அவரைப் பார்ப்பதும் இலவசம். பதிய விசாப் பத்திரம் தேவையில்லை. இங்கிலாந்தில் மருந்துக்குத்தான் கட்டணம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், அதற்கும் காசில்லை.

"நல்லா இருக்கேன்மா"

லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் விசாரிப்பார்கள். அங்கே அறைக் கதவை மூடினால் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வாங்கிய கடனும் நீங்களும் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் சிரித்துவிட்டு விடியும்வரை விழித்துக் கிடப்பதும் நோய்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் ஜி.பி.யிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், இங்கிலாந்தில் 111 அழைத்து 2ஐ அழுத்துங்கள், எந்த நேரமானாலும். உயிராபத்து என்றால் 999.

கிளம்புமுன்

இரத்தச் சீனி, பிரஷர், ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் போங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்துகளின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கிய முதல் வாரத்திலேயே ஜி.பி.யிடம் பதிந்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாமாரே, பார்சலில் மிளகாய்த்தூள் அனுப்புங்கள், மாத்திரை வேண்டாம். இன்றிரவு பிள்ளை பேசும்போது, "சாப்பிட்டியா?" என்பதோடு "டொக்டர்கிட்ட பதிஞ்சிட்டியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.