கரைக்கு அப்பால் – 14: மீன் வாங்கி விட்டால் மலிவு

சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் சுத்தம் செய்ய 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்தார் என்பதும், அந்தப் பணியில் ஊறிய பொறியாளர் டான் ஜீ பாவ் 2017இல் பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார் என்பதும் சென்ற வாரக் கதை. இந்த வாரம், கழிவுநீரைக் குடிநீராக்கும் அவருடைய புதுநீர்த் திட்டத்துக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன் ஒரு தகவலைச் சொல்லியே ஆக வேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை கரைக்கு அப்பால்தான் இருக்கிறது என்று இந்தத் தொடர் முதல் வாரத்திலிருந்து சொல்லிவரும் விஷயத்தை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

அந்தக் கெடு வைக்கப்பட்டபோது சுற்றுச்சூழல் அமைச்சின் உயர் அதிகாரியாக இருந்தவர் லீ எக் தியெங். அவரும் சிவில் பொறியாளர்தான். பத்தாண்டில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று பிரதமர் கேட்டபோது, அதைவிட வாரா வாரம் மீன் வாங்கி ஆற்றில் விடுவது எவ்வளவோ மலிவாக முடியும் என்று அரசு வட்டாரத்தில் ஒரு பதில் எழுந்ததாம். லீ குவான் யூவே தம் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கு முழுக்க உண்மை. சாக்கடை ஆற்றில் கலந்ததும் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சு முட்டும். அறவே தீர்ந்துபோனால் அடிச்சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அப்படிப்பட்ட தண்ணீரில் இன்று விடும் மீன் நாளை மிதக்கும். மறுவாரம் வேறு மீன் வாங்க வேண்டும். அப்படியே பல ஆண்டு வாங்கினாலும் செலவு குறைவுதான். மீனைக் காட்டுவதற்குச் சில்லறை போதும். மீன் தானாகவே தங்கி வாழும் தண்ணீரை உண்டாக்க ஒரு நகரத்தையே இடம் மாற்றிக் கட்ட வேண்டும். அந்தச் செலவு எவ்வளவு பெரியது என்று தெரிந்தும் லீ எக் தியெங் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். திறப்பு விழாவுக்காக மீன் விடும் பழக்கம் உலகெங்கும் இருக்க, மீன் வாங்கி விடுவது பற்றிய அந்த ஒரு வாக்கியம் நீர்வள அலுவலகங்களின் சுவரில் எழுதிவைக்கத் தக்கது.

அந்தச் செலவு எங்கே போனது என்று பார்த்தால் ஆற்றுக்குள் போனது கொஞ்சம்தான். குப்பை அள்ளினார்கள், அடிச்சேற்றைத் தோண்டினார்கள். மற்றதெல்லாம் கரைக்கு அப்பால் நடந்த வேலை. ஒரு தெருவோர உணவுக் கடையை எடுத்துக்கொள்வோம். குழாய் இல்லை, ஒரு வாளித் தண்ணீர்தான். காலையிலிருந்து அதே தண்ணீரில் கழுவிய தட்டுகளின் எண்ணெயும் எச்சில் சோறும் பக்கத்துக் கால்வாயில் கொட்டப்படுகின்றன. மாலை மழை அதை ஆற்றில் சேர்க்கிறது. ஏறத்தாழ 5,000 கடைகள் இப்படி இருந்தன. காலாங் படுகையில் 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள், சாக்கடை இணைப்பே இல்லாத குடியிருப்புகள் வேறு. கடைக்காரர்களுக்குக் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 26,000 குடும்பங்களுக்கு, பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளாக, மாற்று இடம் தரப்பட்டது. பண்ணைகள் பொங்கோலுக்குப் போயின. அங்கும் நிலைக்கவில்லை, 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாகக் கைவிட அரசு முடிவெடுத்தது. வீடு வீடாக மலவாளி எடுக்கும் வழக்கம் ஒழிந்ததும், ஆறு சுத்தமாகிவிட்டதென்று விழா எடுத்ததும் ஒரே ஆண்டில்: 1987. நதி தெளிந்த கதையும் கழிப்பறைக் குழாயின் கதையும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு டான் ஜீ பாவின் பணி வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1967இல் அவர் சேர்ந்தது பொதுப்பணித் துறையின் வடிகால் பிரிவில். 1972இல் வந்த முதல் நீர்ப் பெருந்திட்டத்திலும், பின்னர் ஆற்றுப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2001இல் அவர் தலைமைப் பொறுப்பு ஏற்ற சமயத்தில்தான் வடிகாலும் கழிவுநீரும் குடிநீர் வழங்கும் அதே கழகத்தின் கீழ் வந்தன. இதன் பலன் சாதாரணமானதல்ல. சாக்கடையைப் பார்ப்பவர் ஒருவர், குடிநீரைப் பார்ப்பவர் வேறொருவர் என்றால் ஒருவரின் அலட்சியத்துக்கு இன்னொருவர் செலவழிக்க வேண்டிவரும். இரண்டும் ஒரே பொறுப்பில் வந்தால் கால்வாயில் கொட்டும் எண்ணெய் குடிநீர்க் கணக்கிலேயே நஷ்டமாகப் பதிவாகும். 2008இல் இந்த ஆறுகளின் கழிமுகத்தில் மரினா அணைக்கட்டு திறந்தது. கடல்நீர் வெளியேறி, மழைநீர் நிறைந்து, 2010இல் அது நன்னீர்த் தேக்கமானது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அதில் சேர்கிறது. இளம் பொறியாளராக எந்த வடிகால்களோடு வேலையைத் தொடங்கினாரோ அவற்றின் நீர் குடிநீரான நாளில் அவரே தலைவராக இருந்தார்.

இதற்கு மறுப்புகள் உண்டு; மூன்றும் வலுவானவை. எதிர்ப்புக்கு அதிகம் இடம் தராத, நிலத்தை எளிதில் கையகப்படுத்த முடிந்த சிறிய நாட்டில் இது நடந்தது என்பது முதலாவது. ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் ஆட்களை வெளியேற்றத்தான் அதிகாரம் போதும். கடை நகர்வதற்குள் மாற்றுக் கடையில் குழாயும் சாக்கடையும் தயாராக இருக்கத் திட்டமும் பல துறைகளின் ஒத்துழைப்பும் வேண்டும். அதிகாரம் மிகுந்த எத்தனையோ அரசுகளின் தலைநகரங்களில் ஆறு இன்றும் நாறுகிறது. இரண்டாவது, விலை கொடுத்தவர்கள் யார் என்பது. 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் ஆற்றை விட்டு பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அந்தப் படகுத் தொழிலைத் தொடக்க காலத்தில் நடத்தியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். சூலியா தெரு என்ற பெயரில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலைமுறைகள் வளர்த்த ஆற்றங்கரைப் பிழைப்பு அத்தோடு போனது. வீடு கொடுத்ததால் மட்டும் அந்த இழப்பு ஈடாகிவிடாது. பாராட்டுரைகளில் அதற்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, கடல் ஏற்றம் நுழையாத ஆறு ஆறுதானா என்பது. கழிமுகத்தின் இயல்பு மாறிவிட்டது, அது உண்மை. ஆனால் கால்வாயைக் கான்கிரீட்டில் அடைத்த அதே வடிகால் துறையின் வாரிசுகள்தான், டான் தலைமையில் இருந்த காலத்தில், பீஷான் பூங்கா வழியே ஓடிய காலாங் ஆற்றின் கான்கிரீட்டை உடைத்தார்கள். நேர்க்கோடாக 2.7 கிலோமீட்டர் ஓடிய கால்வாய் 2012இல் புல்லும் கல்லும் நிறைந்த கரைகளோடு வளைந்து வளைந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறானது. ஒரு துறை தன் பழைய விடையைத் தானே திருத்திக்கொள்ள, பழைய கேள்வி நினைவில் இருக்கும் ஒருவர் அங்கே நீடித்திருக்க வேண்டும். நீண்ட பணிக்காலத்தின் அருமை அதில்தான் இருக்கிறது.

தனி ஒருவருக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்பவர்களுக்கு: 1987இல் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் பத்துப் பேர். அவர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆய்வாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் எத்தனையோ பேர். ஆகவே ஓய்வு பெறும் நதி அதிகாரி ஒருவரை வாழ்த்துகிறவர்கள் பொன்னாடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவருடைய வடிகால் வரைபடம் இனி யார் பொறுப்பில் இருக்கப்போகிறது, அதைத் திருத்தும் அதிகாரம் அந்தப் புதிய பொறுப்பாளருக்கு உண்டா என்று மேடையிலேயே கேட்க வேண்டும். அதற்கு விடை இருந்தால்தான் அந்தப் பணி வாழ்க்கை முழுமை பெற்றது என்று பொருள். கழிவுநீரையே குடிக்கத் தக்க நீராக்கிய புதுநீர்த் திட்டத்தையும், அதைக் குடிக்கத் தயங்கிய மக்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.